அம்மாவின் இடது காதுக்கு ஒரு தொலைக்காட்சி

கண்டி நகரில் ஒரு மின்சாதனக் கடை. சுவரில் இரண்டு தொலைக்காட்சிகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டும் 32 அங்குலம். இரண்டிலும் ஒரே காட்சி: நீலக் கடல், பவளப்பாறை, மஞ்சள் மீன்கள். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதிலை ஒருத்தரும் கதைக்கேல்லையே பிள்ளை. இந்த மீனைப் பாத்து நான் என்ன செய்யிறது?"

அன்றைக்கு அந்தக் கடையில் கேட்கப்பட்ட கேள்விகளில் மிகச் சரியானது அதுதான் என்று பிறகு எனக்கு விளங்கியது.

நாங்கள் பேராதனையில் ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். தங்கச்சி பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். நான் வேலைக்காக அலைபவள். முல்லைத்தீவில் இருந்த அம்மா, போதனா வைத்தியசாலையில் காது கிளினிக் இருப்பதால் எங்களோடு வந்து தங்கினார். 2009 ஜனவரியில் உடையார்கட்டில், பதுங்குகுழிக்கு அருகில் விழுந்த எறிகணையோடு அவருடைய வலது காது போனது. இடது காது பாதி. அக்கம்பக்கத்தார் நல்லவர்கள், ஆனால் அவர்களின் மொழி சிங்களம். காலை எட்டு மணிக்கு நாங்கள் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு போனால் மாலை வரை அம்மாவோடு தமிழில் கதைக்க ஆள் இல்லை. எங்களுக்குத் தொலைக்காட்சி தேவைப்பட்டது அதற்காகத்தான்.

அம்மாவின் கையில் சீட்டுக்காசு எழுபதாயிரம் ரூபா இருந்தது. வன்னியில் எங்களிடம் கடைசியாக இருந்தது 21 அங்குலப் பெட்டி. ஜெனரேற்றரில் ஓடியது. கிளிநொச்சியில் இருந்து உழவு இயந்திரத்தில் ஏற்றி விசுவமடு வரை கொண்டுபோய், அங்கே யாரோ ஒருவரின் தாழ்வாரத்தில் விட்டுவிட்டுப் போனோம். அதற்குப் பிறகு அம்மா சொந்தமாக ஒன்று வாங்கவில்லை. அதனால் இந்த எழுபதாயிரத்தைப் பிழையாகச் செலவழித்துவிடக் கூடாது என்ற பயம் எனக்கு இருந்தது. ஊடகக் கற்கையில் பட்டம் எடுத்தவள் என்றாலும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியை எப்படிப் பார்த்து வாங்குவது என்று எந்த விரிவுரையிலும் ஒருவரும் சொல்லித் தரவில்லை.

இரண்டு பெட்டிகளையும் பற்றிச் சொல்கிறேன். முதலாவது அதிகம் பெயர் கேள்விப்படாத ஒன்று. சாதாரண எல்ஈடி, இணைய வசதி இல்லை. 54,900 ரூபா. இரண்டாவது எல்லோருக்கும் தெரிந்த பெயர். ஸ்மார்ட், யூரியூப் வரும், வைஃபை, புளூடூத் எல்லாம் உண்டு. 79,900 ரூபா. அம்மாவிடம் இருந்ததைவிடப் பத்தாயிரம் அதிகம். கடைக்காரப் பையன் கலஹா பக்கத்துத் தோட்டத்தில் இருந்து வருகிறவன், தமிழில் கதைத்தான். "அக்கா, ஸ்மார்ட்டையே எடுங்க. இப்ப யாரும் சாதா டிவி வாங்குறது இல்ல. இருபதாயிரம் கட்டுங்க, மிச்சத்த மாசாமாசம் கட்டலாம்" என்றான்.

அந்த மாதாமாதத்தை முதலில் பார்த்துவிடுவோம். 20,000 முற்பணம், பிறகு 18 மாதங்களுக்கு 4,600 ரூபா. கூட்டிப் பார்த்தால் 102,800. அதே பெட்டிக்கு 22,900 ரூபா கூடுதல். தவணைக் கொள்வனவில் மாதத் தொகையை மட்டும் பெரிய எழுத்தில் எழுதுவார்கள். மொத்தத்தை நாங்கள்தான் பெருக்கிப் பார்க்க வேண்டும். ஏ9 வீதி திறந்த பிறகு வன்னிக்குள் முதலில் வந்தவற்றில் இந்தத் தவணைக் கடைகளும் கடன் கம்பனிகளும் அடக்கம். என் சித்தி 2011 இல் கிளிநொச்சியில் அப்படித்தான் ஒன்று எடுத்தார். வெங்காயம் பிழைத்த வருடம் மூன்று தவணை தவறியது. வந்து கழற்றிக்கொண்டு போனார்கள், அதுவரை கட்டிய காசும் போனது. வடக்கிலும் கிழக்கிலும் பெண்களைக் கடன் எந்தளவு நெருக்கியது என்பதை 2018 இல் அரசாங்கமே ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது. வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்து, கட்ட முடியாமல் நின்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அப்போது அறிவித்தார்கள். அம்மாவுக்கு இந்தப் புள்ளிவிபரம் தெரியாது, சித்தியின் வெறும் சுவர் தெரியும். "தவணை வேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

ஆனாலும் விலையை மட்டும் வைத்து முடிவெடுக்க எனக்கு மனம் வரவில்லை. பத்தாயிரத்தை நான் போடலாம். இரண்டாவது உண்மையிலேயே அம்மாவுக்கு நல்லது என்றால் போடத்தான் வேண்டும்.

மீன்களை நிறுத்தச் சொன்னேன். கடைகளில் ஓடும் அந்தக் காட்சி பெட்டியைக் காட்டுவதற்கென்றே எடுத்தது. பிரகாசமும் நிறமும் உச்சத்தில் வைத்த 'கடை முறை' என்று ஓர் அமைப்பு அநேகமாக எல்லாப் பெட்டிகளிலும் இருக்கிறது. அதில் எந்தப் பெட்டியும் அழகாகத்தான் தெரியும். 'வீட்டு முறை'க்கு மாற்றி, சாதாரண அன்ரனாவில் வரும் தமிழ் அலைவரிசை ஒன்றைப் போடச் சொல்லுங்கள். பையன் முகத்தைச் சுளிக்கலாம். எங்கள் பையன் சுளிக்காமல் பின்பக்கம் போய் வயரை மாற்றித் தந்தான்.

இரண்டு பெட்டிகளிலும் படம் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. காரணம் எளிது. இலங்கையில் அன்ரனா மூலம் வரும் தொலைக்காட்சி இன்னும் அனலொக் முறைதான். 1982 பெப்ரவரி 15 இல் ரூபவாஹினி ஆரம்பித்தபோது வந்த அதே பால் முறை. அதில் திரைக்கு வரும் படக் கோடுகள் 576. இரண்டாவது பெட்டியின் 'ஃபுல் எச்டி' திரையில் 1080 கோடுகள், முதலாவதில் 768. வருகிற படமே 576 என்றால் மீதியைப் பெட்டி ஊகித்து நிரப்புகிறது. அன்ரனாவில் மட்டும் பார்க்கிற வீட்டுக்கு ஃபுல் எச்டி என்ற சொல்லுக்காகக் காசு கொடுப்பதில் பெரிய பயன் இல்லை. 43 அங்குலம் வாங்கி ஆறு அடி தூரத்தில் இருந்து பார்த்தால் அனலொக் படம் இன்னும் கலங்கித்தான் தெரியும். டிஷ் இணைப்பிலோ இணையத்திலோ எச்டி பார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும்.

முதலாவது பெட்டிக்கு ஒரு குறை இருந்தது, அதை மறைக்கக் கூடாது. நேரே நின்றால் படம் நன்றாக இருந்தது. பக்கத்தில் போனால் முகங்கள் வெளிறின. திரைக்குள் இருக்கும் பனல் வகைதான் இதற்குக் காரணம், எந்தப் பெட்டியிலும் பெயர்ப்பலகையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நடந்து பார்த்துத்தான் தெரியும். எட்டுப் பேர் அறையைச் சுற்றி இருந்து பார்க்கிற வீடு என்றால் இதற்காகவே அதை ஒதுக்கியிருப்பேன். எங்கள் வீட்டில் நேரே ஒரு கதிரை, அதில் அம்மா.

பெட்டி மேல் 'டிஜிட்டல்' என்று ஒட்டியிருப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலங்கை 2014 இல் ஜப்பானின் ஐஎஸ்டிபி-ரி முறையைத் தெரிவு செய்து ஜப்பானியக் கடனுக்கும் கையெழுத்திட்டது. அந்த மாற்றம் வருடக்கணக்காக இழுபடுகிறது. கடைகளில் இருக்கும் மலிவுப் பெட்டிகள் பலவற்றில் உள்ளே இருப்பதோ ஐரோப்பிய முறையான டிவிபி-ரி2. ஒன்று மற்றதை வாங்காது. எனவே அந்த ஒட்டுத்தாளுக்காக ஒரு சதமும் கூடக் கொடுக்காதீர்கள். டிஜிட்டல் வருகிற நாளில் வெளியே ஒரு சிறிய பெட்டி பூட்டினால் எச்டிஎம்ஐ துவாரம் உள்ள எந்தத் தொலைக்காட்சியும் வேலை செய்யும். கனடாவில் இருந்து உறவினர் அனுப்புகிற பெட்டி வேறு சங்கதி. அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. பின்பக்கத்தில் 100–240 என்று எழுதியிருந்தால் எரியும், இல்லாவிட்டால் எரிந்துபோகும். எரிந்தாலும் அதன் ட்யூனர் வட அமெரிக்க முறை, எங்கள் அலைவரிசைகளைப் பிடிக்காது. அனுப்ப நினைக்கிறவர்களிடம் அந்தக் காசை அனுப்பச் சொல்லுங்கள்.

இனி அம்மாவின் காது.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வன்னியில் இருந்து வந்த குடும்பங்களில் இது ஒரு வீட்டுக் கதை அல்ல. வெடிச்சத்தத்தால் பாதிக்கப்பட்ட காதுகள் பெரும்பாலும் முதலில் இழப்பது உயர்ந்த அதிர்வெண்களை, அதாவது கீச்சென்ற பக்கத்தை. நான்காயிரம் ஹேர்ட்ஸை ஒட்டிய பகுதி அதிகம் அடிபடும். தாழ்ந்த ஒலிகள் அவ்வளவு பாதிக்கப்படுவதில்லை. மனிதப் பேச்சில் உயிரெழுத்தின் ஓசை தாழ்ந்த பக்கத்தில் இருக்கிறது. ச, த, ப போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டுகிற மெல்லிய ஓசை உயர்ந்த பக்கத்தில் இருக்கிறது. "சத்தம் கேக்குது, சொல்லு விளங்கேல்லை" என்று அம்மா பதினைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். நாங்கள் சத்தத்தைக் கூட்டினோம். சத்தத்தைக் கூட்டினால் தாழ்ந்த ஒலிகளும் சேர்ந்து கூடுகின்றன, பின்னணி இசை பேச்சை இன்னும் மூடுகிறது. கிளினிக்கில் ஒலிவரைபடத்தைக் காட்டி விளக்கும்வரை எனக்கும் இது தெரியாது. கத்திக் கதைத்ததற்காக அம்மாவிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஆகவே ஒரு பெட்டியில் எத்தனை வாட் ஸ்பீக்கர் என்பது இரண்டாம் பட்சம். மூன்று விடயங்களைப் பார்க்க வேண்டியிருந்தது. ஒலி அமைப்பில் 'பேச்சு' அல்லது 'செய்தி' என்று ஒரு தெரிவு இருக்கிறதா, இல்லாவிட்டால் 'ட்ரெபிள்', 'பாஸ்' இரண்டையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்க முடியுமா என்பது ஒன்று. ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது அடுத்தது. மெல்லிய பெட்டிகளில் அது கீழ்நோக்கியோ பின்னோக்கியோதான் இருக்கும், மேசையில் துணி விரித்து அதன்மேல் வைத்தால் உள்ள உயர் ஒலியையும் துணி குடித்துவிடும். மூன்றாவது, ஹெட்போன் துவாரம்.

இரண்டாவது பெட்டியில் அந்தத் துவாரம் இல்லை. எண்பதாயிரம் ரூபாப் பெட்டியில் ஒரு சின்ன ஓட்டை இல்லை என்பதை நம்பாமல் பையனும் நானும் பின்பக்கத்தை இரண்டு தரம் தடவிப் பார்த்தோம். புதிய ஸ்மார்ட் பெட்டிகள் பலவற்றில் அதை எடுத்துவிட்டார்கள், புளூடூத் இருக்கிறதே என்ற நினைப்பில். புளூடூத் ஹெட்போனை இணைத்துப் பார்த்தோம். ஒலி வந்தது. ஆனால் வாசிப்பவரின் வாய் அசைந்து ஒரு கணம் கழித்தே சொல் வந்தது. எங்களுக்கு அது சின்ன எரிச்சல். அம்மாவோ பாதியைக் காதாலும் பாதியை உதட்டைப் பார்த்தும் விளங்கிக்கொள்கிறவர். உதடும் சொல்லும் பிரிந்தால் அவருக்கு இரண்டுமே போய்விடும். புளூடூத் இணைந்ததும் பெட்டியின் ஸ்பீக்கரும் நின்றுவிட்டது. அம்மா பார்க்கும்போது தங்கச்சி கேட்க முடியாது.

முதலாவதில் துவாரம் இருந்தது. ஹெட்போனைச் செருகியதும் அதிலும் ஸ்பீக்கர் நின்றது. மெனுவுக்குள் தேடியதில் இரண்டையும் சேர்த்து ஓட விடும் தெரிவு கிடைத்தது. எல்லாப் பெட்டிகளிலும் இது இருக்காது, கடையிலேயே பார்த்துவிட வேண்டும். ட்ரெபிளைக் கூட்டி, பாஸைக் குறைத்து, ஹெட்போனின் இடது பக்கத்தை அம்மாவின் காதில் வைத்தேன். தமிழ்ச் செய்தி போய்க்கொண்டிருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கையை உயர்த்தி எங்களைச் சும்மா இருக்கச் சொன்னார். கடையில் அந்த மூன்று நிமிடமும் நான் விலையைப் பற்றி நினைக்கவில்லை.

"அக்கா, யூரியூப் இல்லையே" என்று பையன் கடைசியாக ஒருதரம் சொல்லிப் பார்த்தான். ஸ்மார்ட் பெட்டியை நான் குறைசொல்லவில்லை. நல்ல இணைய இணைப்பு உள்ள வீட்டில் அது பெரிய வசதி. ஆனால் மலிவு ஸ்மார்ட்டில் கவனிக்க வேண்டியவை உண்டு. அன்று பார்த்ததில் நினைவகம் ஒரு ஜிபிதான், இப்போதே தயங்கித் தயங்கித்தான் ஓடியது. திரை பத்து வருடம் உழைக்கும், உள்ளே இருக்கும் மென்பொருளுக்குப் புதுப்பிப்பு அதற்கு வெகு முன்பே நின்றுவிடும். 'அன்ட்ரொய்ட்' என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. கூகுளின் அனுமதி பெறாத பெட்டிகளும் அந்தப் பெயரோடு விற்கின்றன, அவற்றில் சில செயலிகள் ஒழுங்காக ஓடாது. பிறகு டேட்டா. நெட்பிளிக்ஸ் சொல்லும் கணக்கின்படி சாதாரணத் தரத்தில் மணிக்கு ஒரு ஜிபி வரை, எச்டியில் மூன்று ஜிபி வரை போகும். நாள் முழுக்கத் தனியே இருக்கிற ஒருவருக்கு அது எங்கே போய் முடியும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளலாம். எச்டிஎம்ஐ துவாரம் இருக்கும்வரை, காசு சேரும் நாளில் ஒரு சின்ன ஸ்டிக் வாங்கிச் செருகினால் சாதாரணப் பெட்டியும் ஸ்மார்ட் ஆகிவிடும். ஸ்டிக் பழுதானால் அதை மட்டும் எறியலாம்.

மின்சாரம் பற்றியும் கணக்குப் பார்த்தேன். முதலாவதின் பின்பக்கத்தில் 40 வாட், இரண்டாவதில் 55 வாட். அம்மா ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் பார்த்தால் மாதம் 9.6 அலகும் 13.2 அலகும். நாலு அலகு ஒரு பொருட்டா என்று கேட்கலாம். மாதம் 60 அலகுக்குள் நிற்கிற வீட்டுக்கு ஒரு கட்டண முறை, தாண்டினால் வேறு. தாண்டியவருக்கு ஆரம்ப 30 அலகின் மலிவு விலையும் இல்லாமல் போகிறது, நிலையான கட்டணமும் கூடுகிறது. எங்கள் பில் 48 இல் நின்றது. உண்மையில் பின்பக்கத்தில் எழுதியிருப்பது உச்ச அளவு, பிரகாசத்தைக் குறைத்தால் அதைவிடக் குறையவே எடுக்கும். அதனால் இந்தக் கணக்கு மட்டும் என் முடிவை மாற்றியிராது. ஆனால் 58 இல் நிற்கிற வீட்டுக்கு மாற்றலாம்.

உத்தரவாதத்தில் இரண்டாவது முந்தியது: மூன்று வருடம். முதலாவதுக்கு இரண்டு. ஆனால் பழுதானால் எங்கே கொண்டுபோவது என்று கேட்டபோது முதலாவதைக் கண்டியிலேயே திருத்துவார்கள், இரண்டாவது கொழும்புக்குப் போய்வர வேண்டும் என்றார்கள். உத்தரவாத அட்டையில் பனலும் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டேன். பெட்டியின் விலையில் பெரும்பங்கு அந்தப் பனல்தான்.

முதலாவதையே எடுத்தோம். 54,900. மிச்சக் காசில் அன்ரனா, கம்பி, கம்பம் எல்லாம் 4,500. மின் அழுத்தம் ஏறி இறங்குவதற்கு ஒரு பாதுகாப்புப் பெட்டி 3,000. நீண்ட வயரோடு ஹெட்போன் 2,400. மொத்தம் 64,800. மீதி 5,200 ரூபாவை அம்மா சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அன்ரனா என்ற தலையிடி. நாட்டின் உச்சியான பிதுருதலாகலவில் ரூபவாஹினியின் கோபுரம் ஆரம்பத்தில் இருந்தே நிற்கிறது, எங்களுக்குக் கண்ணெதிரே ஹந்தானையிலும் கோபுரங்கள் நிற்கின்றன. ஆனால் பேராதனை பள்ளத்தில் இருக்கிறது. அலை நேரேயும் வருகிறது, மலையில் பட்டுத் திரும்பியும் வருகிறது. அனலொக்கில் அதன் விளைவு ஒவ்வொரு முகத்துக்குப் பக்கத்திலும் ஒரு ஆவி முகம். கீழ்வீட்டு ஐயாவின் மகன் கூரையில் ஏறி ஒரு மணித்தியாலம் அன்ரனாவைத் திருப்பினான். நான் ஜன்னலில் நின்று எனக்குத் தெரிந்த நாலு சிங்களச் சொல்லில் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கத்தினேன். கடைசியில் கோபுரத்தை நேரே பார்க்க வைத்ததைவிட ஒரு சாண் விலக்கி வைத்தபோதுதான் ஆவி போனது. பெட்டியில் குறை என்று கடைக்கு ஓடுவதற்கு முன் கூரைக்கு ஏறிப் பாருங்கள்.

கொக்காவிலை நினைத்துக்கொண்டேன். வன்னியில் எங்கள் சின்ன வயதில் அந்தக் கோபுரம் இல்லை, 1990 சண்டையில் போனது. 2011 இல் புதியதைத் திறந்த பிறகுதான் ஊரில் பலர் சாதாரண அன்ரனாவிலேயே தெளிவாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். அங்கே சமவெளி, கம்பத்தை உயர்த்தினால் போதும். இங்கே உயரத்தைவிடத் திசை முக்கியம்.

தங்கச்சிக்கு இன்னும் குறைதான். யூரியூப் இல்லாத ரிவியும் ஒரு ரிவியா என்கிறாள். பக்கத்தில் இருந்து பார்த்தால் முகங்கள் வெளிறுவதும் உண்மை, அவளுடைய கட்டில் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஐப்பசியில் ஒரு பின்னேரம் நான் அடுப்படியில் நின்றேன். அறையில் இருந்து அம்மா கூப்பிட்டார்.

"பிள்ளை, முல்லைத்தீவிலை நல்ல மழையாம். வீதியளுக்கு மேலாலை தண்ணி பாயுதாம்."

எனக்கு அந்தச் செய்தி தெரியாது. அம்மா சொல்லித்தான் தெரிந்தது. உடனே மாமிக்குத் தொலைபேசி எடுத்தோம்.

அன்றிரவு ஹந்தானைப் பக்கம் இடி முழங்கியது. தாழ்ந்த ஒலி, அது அம்மாவுக்கு நன்றாகக் கேட்கும். நான் எழும்புவதற்குள் அவர் எழும்பி மின்வயரையும் அன்ரனா வயரையும் இரண்டையுமே கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு வந்து படுத்தார்.